இரண்டு ஊருக்கு ஒரு பொழி

செப்டம்பர் 3

இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன். வருவாய்த் துறையில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவளை, தாசில்தார் நாற்காலியிலிருந்து எழுப்பி, அயற்பணி என்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு. நான் கேட்கவில்லை. யார் காலை மிதித்தேன் என்றும் தெரியவில்லை.

'பொதுச் சேவை மற்றும் கூட்டு நிர்வாக ஆய்வு மையம்' என்று பெயர்ப்பலகை. கட்டடத்தைவிடப் பலகை நீளம். நூலகத்துக்குப் பின்னால் மாடியில் மூன்று அறைகளும் ஒரு வகுப்பறையும். இயக்குநர் முனைவர் ஷமீமா, காயல்பட்டினத்துக்காரர். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அவரை மேடம் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன்.

இங்கே என்ன வேலை என்று கேட்டேன். பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளுக்கும் பயிற்சி கொடுப்பார்களாம். ஆய்வு செய்வார்களாம். "அதோட, ஊருக்கும் ஊருக்கும் பிணக்கு வந்தா, ஊருக்கும் அரசாங்கத்துக்கும் பிணக்கு வந்தா, நடுவுல போய் உட்காருவோம்" என்றார்.

உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்போம் என்றார். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

விருந்தினர் விடுதியில் அறை. மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார், கூட்டு, பொரியல், பச்சடி எல்லாவற்றிலும் தேங்காய். ரசம் ஒன்றுதான் தப்பித்தது.

செப்டம்பர் 5

ஒட்டன்சத்திரம் பக்கமே மாறுதல் கேட்டு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரரிடமும் போனில் சொன்னேன். தெரிந்தவர்கள் மூலம் பார்க்கிறேன் என்றார்.

செப்டம்பர் 9

ஆனைக்காயல் விவகாரம் மையத்துக்கு வந்திருக்கிறது. கலெக்டரே கேட்டுக்கொண்டாராம்.

விஷயம் இதுதான். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு காயல். காயலுக்கும் கடலுக்கும் நடுவே அலை கொண்டுவந்து போட்ட மணல்மேடு. அதைத்தான் இந்தப் பக்கம் பொழி என்கிறார்கள். மழைக்காலத்தில் ஆற்றுத்தண்ணீர் போக வழியில்லாமல் காயலில் ஏறி நிற்கும். பொழியை வெட்டிவிட்டால் கடலுக்குப் போய்விடும்.

காயலின் மேல்பக்கம் மேலப்பற்று. நெல் விவசாயிகள். ஐப்பசியில் நட்ட நாற்று மூழ்காமல் இருக்க, சீக்கிரம் பொழியை வெட்டு என்பார்கள். கடலோரம் சூசையப்பர்துறை. மீனவர்கள். சீக்கிரம் வெட்டினால் காயலில் வளரும் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும், கொஞ்சம் பொறு என்பார்கள். போன வருடம் மேலப்பற்றுக்காரர்கள் ஜேசிபியோடு வந்து, துறைக்குப் பக்கத்தில் மேடு ஒடுங்கியிருந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வெட்டினதோடு நிற்கவில்லை. கரையைத் தின்றுகொண்டே போய் வீடுகளை இழுத்துக்கொண்டது. கல்வீச்சு, இரண்டு பக்கமும் வழக்கு. மேலப்பற்றில் ஒரு பையனுக்கு ஒரு கண் போய்விட்டது.

அடுத்த மழை வர ஒன்றரை மாதம்தான் இருக்கிறது.

இதில் பேச என்ன இருக்கிறது? அளந்து, இடம் குறித்து, ஓர் உத்தரவு போட்டால் முடிந்தது. ஷமீமா மேடத்திடம் சொன்னேன். "போடலாம். யாரு நிறைவேத்துறது?" என்றார். போலீஸ் என்றேன். சிரிக்காமல் தலையை ஆட்டினார். அது ஒப்புதல் இல்லை என்று வெளியே வந்த பிறகுதான் புரிந்தது.

செப்டம்பர் 16

இன்று இரண்டு ஊருக்கும் போனோம். கால் வீங்கியிருக்கிறது.

முதலில் சூசையப்பர்துறை. ஊர்க் கமிட்டித் தலைவர் சேவியரடிமை, அறுபது வயது இருக்கும், குரல் உயர்த்தாத மனிதர். லூர்தம்மாள் என்ற பெண், வீட்டைப் பறிகொடுத்தவர். கருவாடு காயப்போட்டுக்கொண்டே பேசினார். மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அன்னைக்கு என்ன நடந்தது? லூர்தம்மாள் இரண்டு மணி நேரம் சொன்னார். நடுவில் இரண்டு முறை உள்ளே போய்விட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மேடம் மணலில் உட்கார்ந்தபடியே இருந்தார். லூர்தம்மாள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தாசில்தாராக நான் இந்த விசாரணையை அரை மணியில் முடித்திருப்பேன்.

பிற்பகல் மேலப்பற்று. விவசாயிகள் சங்கத்தலைவர் தாணுமாலயன். வெள்ளை வேட்டியும் முன்கோபமுமாக இருந்தார். வாசலிலேயே, "துறைக்காரங்களைப் பாத்துட்டுத்தான வாறீங்க? அப்ப முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருப்பீங்க" என்றார். மேடம் அதே கேள்வியைக் கேட்டார். அவரும் முதலில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினார். கண் போன பையன் அவருடைய தங்கை மகன் என்று கடைசியில்தான் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது வண்டியில் நான்தான் கேட்டேன், என்ன கண்டுபிடித்தீர்கள் என்று. "ரெண்டு ஊரும் தண்ணிக்குப் பயப்படுது. ஆனா அதைவிட, மத்த ஊர் தங்களை மனுசங்களா நினைக்கலைன்னு நினைக்குது" என்றார்.

செப்டம்பர் 25

முதல் கூட்டம். படுதோல்வி.

கலெக்டர் ஆபீஸ் வேண்டாம், சர்ச் மண்டபம் வேண்டாம், விவசாயிகள் சங்கக் கட்டடமும் வேண்டாம், நம் வகுப்பறையிலேயே கூடலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்க வேண்டுமாம். அது சரி. ஆனால் இரண்டு ஊரையும் ஒரே பல்கலைக்கழகப் பேருந்தில் அழைத்துவரச் சொன்னார். அழைத்துவரப் போனது நான்.

துறைக்காரர்கள் முன்னால் ஏறினார்கள். மேலப்பற்றுக்காரர்கள் பின்வாசல் வழியாகப் பின்னால். நடு இருக்கைகள் காலி. அதில் நான் ஒருத்தி. எல்லை தாண்டிய ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை இல்லை.

கூட்டத்திலாவது மேடம் பேசுவார் என்று பார்த்தேன். வரவேற்பு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரவர் கத்தினார்கள். சேவியரடிமை பேசும்போது தாணுமாலயன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். தாணுமாலயன் பேசும்போது துறைக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மேடத்திடம், இப்படி விட்டுவிட்டீர்களே என்று கேட்டேன். தப்புப் பண்ணிட்டேன் என்றார். எதிரெதிர் வரிசையாக நாற்காலி போட்டது அவருடைய தவறாம். அவர்களைத் தயார்ப்படுத்தாமல் கூப்பிட்டது இன்னொன்றாம். சாயங்காலமே இரண்டு ஊருக்கும் போன் போட்டு அதையே சொன்னார்: கூட்டத்தை நான் சரியாக நடத்தவில்லை, இன்னொரு தடவை வாருங்கள்.

என் இத்தனை வருட வேலையில், ஓர் அதிகாரி பொதுமக்களுக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

செப்டம்பர் 27

துணி காயவில்லை. ரசம் மட்டும் போதும் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 6

இன்று நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும்.

மேடம் இந்த முறை நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். அவரே போட்டார், நான் பிடித்துக்கொண்டேன். கூட்டம் தொடங்கியதும் ஒரு விதி சொன்னார். உங்கள் குறையை நீங்கள் சொல்லக் கூடாது. எதிர்ப்பக்கத்தின் குறையை நீங்கள் சொல்ல வேண்டும். அவர்கள், 'ஆமா, அதுதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்தவர் பேசலாம்.

பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. தாணுமாலயனும் அதையேதான் சொன்னார். ஆனால் சேவியரடிமை தொடங்கிவிட்டார். "அவங்க வயலு தாழ்ந்த வயலு. தண்ணி ஏறுனா நாத்து அழுகும். அழுகுனா அந்த வருசம் போச்சு" என்றார். மேலப்பற்றுக்காரர்கள் இல்லை என்றார்கள். அதுமட்டும் இல்லை என்றார்கள். சேவியரடிமை மறுபடி யோசித்தார். பிறகு மெதுவாக, "நாங்க கடலுக்குப் போனா இன்னைக்கு இல்லன்னாலும் நாளைக்கு மீன் கிடைக்கும். அவங்களுக்கு ஒரு தடவை போனா அடுத்த வருசந்தான். கண்ணு முன்னால தண்ணி ஏறுறதைக் கையைக் கட்டிட்டுப் பாக்கணும். நாங்க அதைப் பாத்து சிரிக்கோம்னு நினைக்காங்க" என்றார்.

மேலப்பற்றுக்காரர்களில் யாரோ ஒருவர் ஆமா என்றார்.

தாணுமாலயன் முறை. அவரால் முடியவில்லை. இறால் போயிரும், வருமானம் போயிரும் என்று சொல்லிப் பார்த்தார். லூர்தம்மாள் ஒவ்வொரு முறையும் இல்லை என்று தலையை ஆட்டினார். மூன்றாவது முறை தாணுமாலயன் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். மேடம் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். நானாக இருந்தால் ஒரு வார்த்தையாவது எடுத்துக் கொடுத்திருப்பேன்.

கடைசியில் அவர் லூர்தம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டியிருக்கலாம். பாத்திரம் பண்டமாவது எடுத்து வெளிய வச்சிருப்பீங்க. சொல்லாம வந்து வெட்டிட்டோம்."

லூர்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுதான்" என்றார். "எனக்க வீடு போனதுகூட அப்புறந்தான். ஒருத்தரும் வந்து சொல்லல்லியே."

பிறகு பேச்சு தானாக ஓடியது. தெற்கே பாறைப் பக்கம் வெட்டினால் கரை தின்னாது என்று துறைக்காரர்கள். அங்கே மேடு அகலம், வெட்டி முடிக்க ஒரு நாள் ஆகும், அதற்குள் வயல் போய்விடும் என்று மேலப்பற்றுக்காரர்கள். நாங்கள் மடையை முன்கூட்டியே தோண்டி ஒரு கை மண்ணை மட்டும் விட்டுவைப்போம், அதுபோலச் செய்தால் என்ன என்று தாணுமாலயன் கேட்டார். அவர் முடிக்கும் முன்பே சேவியரடிமை, மழைக்கு முன்னாலேயே தெற்கு மேட்டை ஒடுக்கிவைத்துவிடலாம் என்றார். இரண்டும் ஒன்றுதான் என்பதை அவர்கள் இருவருமே கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தார்கள்.

திரும்பும் பேருந்தில் பின்னாலிருந்து ஒருவர், இப்போ சாளை மீன் என்ன விலை என்று கேட்டார். முன்னாலிருந்து பதில் வந்தது.

அக்டோபர் 16

ஒப்பந்தம் முடிந்தது. தெற்குப் பாறைப் பக்கம்தான் வெட்ட வேண்டும். காயலின் குறுக்கே இருக்கும் பாலத்தின் தூணில் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வெட்டலாம். ஆனால் சேவியரடிமையும் தாணுமாலயனும் இருவருமே 'சரி' சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது. அரசாங்கம்கூட இந்த இரண்டு 'சரி' இல்லாமல் ஜேசிபியை இறக்காது என்று கலெக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. வெள்ளம் வரும்போது இரண்டு பேர் சம்மதத்துக்குக் காத்திருப்பதா? மேடத்திடம் சொன்னேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு என்றார். "ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தரை விட்டுட்டு நடக்கலாம்னு ஒரு வழி வச்சா, அந்த வழியிலதான் எல்லாரும் போவாங்க."

அக்டோபர் 22

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வார இறுதிவரை இருப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டேன். ரயிலில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதற்காகத்தான். மாறுதல் அனேகமாக டிசம்பரில் வந்துவிடும் என்று அவர் சொன்னார். நல்லது.

அக்டோபர் 25

தெற்கு மேட்டை ஒடுக்கும் வேலை. மேலப்பற்று ஜேசிபி, துறை ஆட்கள். மதியம் லூர்தம்மாள் வீட்டுக் குழம்பு. தேங்காய் அரைத்ததுதான். நன்றாக இருந்தது.

நவம்பர் 8

மீன் வாங்க ஆனைக்காயல் போனேன். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு முழம் கீழே. வாங்கின மீனைச் சேவியரடிமை வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். விடுதியில் அடுப்பு கிடையாது.

நவம்பர் 15

மீன் வாங்கப் போனேன். ஒரு முழம்.

நவம்பர் 22

புயல் சின்னம். விடாத மழை. மேடம் டெல்லிக் கருத்தரங்கிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார். தண்டவாளத்தில் தண்ணீர் என்று ரயிலை மதுரைக்கு மேலேயே நிறுத்திவிட்டார்களாம்.

நவம்பர் 24

நேற்று எழுத முடியவில்லை. வந்ததும் படுத்துவிட்டேன்.

நேற்று விடிந்ததும் சேவியரடிமை கூப்பிட்டார். தண்ணீர் கோட்டைத் தாண்டிவிட்டது. மையத்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தில் இரண்டு ஊரும் நின்றது. மேலப்பற்றில் தாழ்ந்த வயல்கள் ஏற்கெனவே தெரியவில்லை. தாணுமாலயன் சரி சொல்லிவிட்டார். சேவியரடிமை சரி சொல்லவில்லை.

காரணம் சொன்னார். இப்போது கடல் ஏற்றத்தில் இருக்கிறது, அலை வேறு பெரிது. இப்போது திறந்தால் காயல் தண்ணீர் வெளியே போகாது, கடல்தான் உள்ளே வரும். உப்புத்தண்ணீர் வயல்வரை போகும். மத்தியானத்துக்கு மேல் கடல் இறங்கி வற்றம் தொடங்கும், அப்போது வெட்டினால் ஒரே இழுப்பில் போய்விடும்.

மேலப்பற்று இளவட்டங்கள் நம்பவில்லை. ஏமாற்றுகிறார்கள், இறாலைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று சத்தம். ஜேசிபியை ஓடவிட்டுவிட்டார்கள். அதன் முகம் தெற்கே இல்லை. போன வருடம் வெட்டின இடத்தைப் பார்த்து இருந்தது. துறைக்காரர்கள் அதற்கு முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். லூர்தம்மாளும் நின்றார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். ஒரு வழியாகக் கிடைத்தது. நிலைமையைச் சொன்னேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அக்கா" என்றார். முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். "அங்க நிக்கிறது நீங்க. இங்க இருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க என்ன சொல்றீங்களோ, அதுதான் மையம் சொல்றது. பின்னால யார் கேட்டாலும் நான் இதையே சொல்லுவேன்."

லைன் போய்விட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அவரைப் பற்றி அப்போது அதைத்தான் நினைத்தேன்.

அடுத்து மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டார். பெயர் வேண்டாம். அவருக்கும் பொறுப்பு இருக்கிறது, உயிர்ச்சேதம் வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம். நீ தாசில்தார்தானே, அதிகாரம் இருக்கிறது, உடனே வெட்டச் சொல், போலீஸை அனுப்புகிறேன் என்றார். இரண்டாவது 'சரி' வரவில்லை சார் என்றேன். இது உத்தரவு என்றார். முடியாது சார் என்றேன். அப்புறம் அவர் பேசியதை எழுத வேண்டாம்.

போனை வைத்துவிட்டு ஜேசிபி நின்ற இடத்துக்குப் போனேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை, அதனால் மேடம் செய்வதைச் செய்தேன். தாணுமாலயனிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, அவர் ஏன் காத்திருக்கச் சொல்றார்னு நீங்க உங்க ஆளுங்களுக்குச் சொல்லுங்க. நீங்க சொல்லி அவர் ஆமான்னு சொல்லட்டும். அப்புறம் என்ன முடிவு எடுத்தாலும் நான் குறுக்க நிக்கல."

அவர் மழையில் நனைந்துகொண்டே நின்றார். இவ்வளவு கோபக்காரர், நாற்று மூழ்கிக்கொண்டிருக்கிறது, அதில் அவருடைய வயலும் உண்டு. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஜேசிபியின் படியில் ஏறி நின்று தன் ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

"இப்ப திறந்தா கடல் உள்ள வரும். வெள்ளத்துல நாத்து அழுகுனா அடுத்த வருசமாவது நடலாம். உப்பு ஏறுன வயலை என்னத்தச் செய்ய? சேவியரடிமை அதைத்தான் சொல்லுகாரு. இறாலுக்காகச் சொல்லல்ல. நம்ம வயலுக்காகச் சொல்லுகாரு."

பிறகு திரும்பி, "சரிதானா?" என்றார்.

"அதுதான்" என்றார் சேவியரடிமை.

ஜேசிபி தெற்கே திரும்பியது. பாறைப் பக்கம் போய் நின்றது. மத்தியானம்வரை இரண்டு ஊரும் மழையில் காத்திருந்தது. அதைப்போல ஒரு காத்திருப்பை நான் பார்த்ததில்லை. துறைப் பெண்கள் கட்டன்காப்பி கொண்டுவந்தார்கள், எல்லோருக்கும் ஊற்றினார்கள். இளவட்டங்கள் முதலில் வாங்கவில்லை. பிறகு வாங்கினார்கள்.

வற்றம் தொடங்கியதும் சேவியரடிமை மணலில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். சரி என்றார். ஜேசிபி நாலு வாய் அள்ளியது. மேடு ஏற்கெனவே ஒடுக்கியிருந்ததால் மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போனது. பாறை இருந்ததால் கரைப் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் பாலத்தூணில் மஞ்சள் கோடு வெளியே தெரிந்தது.

தாழ்ந்த வயல்கள் போனது போனதுதான். இறாலில் பாதிக்கு மேல் கடலுக்குப் போய்விட்டது. வீடு ஒன்றும் போகவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

எல்லாம் அந்த இரண்டு பேர் செய்தது. நான் சும்மா நின்றேன்.

நவம்பர் 26

சளி. காய்ச்சல். மேடம் வந்து சேர்ந்ததும் நேராக என் அறைக்குத்தான் வந்தார், பையோடு. நடந்ததைச் சொல்லச் சொன்னார். நான் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

டிசம்பர் 2

மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். இதை ஊரில் சொல்லவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரம்.

டிசம்பர் 9

விளக்கம் கொடுக்கப் போனபோது மேடம் என்னோடு வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தார். அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்து, முடிவு மையத்தினுடையது, விளக்கம் என்னிடம் கேளுங்கள் என்றார். அதிகாரி சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லும்வரை கேட்டுக்கொண்டார். கேட்பதில் இவருக்கு யாரும் விதிவிலக்கு இல்லை. பிறகு, "சார், நீங்க சொன்ன மாதிரி அன்னைக்கு வெட்டியிருக்கலாம். அடுத்த வருசம் ரெண்டு ஊரும் யார் பேச்சை நம்பும்?" என்று மட்டும் கேட்டார்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். ஏற்கெனவே காலையில் இரண்டு பேர் வந்து போனார்கள் என்றார். ஒருவர் வேட்டி, ஒருவர் கைலி. ஒரே பைக்கில் வந்தார்களாம். அவர்கள் பேசிவிட்டுப் போன பிறகு இதைத் தொடர அவருக்கே மனமில்லை என்றார். கோப்பை மூடிவைத்தார். நல்ல மனிதர்தான். அன்றைக்குப் பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

வெளியே வந்து டீ குடித்தோம். அழுகை வந்தது. தூசி என்று சொன்னேன். மேடம் ஆமாம் என்றார்.

டிசம்பர் 19

மாறுதல் ஆணை வந்துவிட்டது. கேட்ட ஊரே. அவர் போனில் சந்தோஷமாகப் பேசினார்.

இப்படி வந்த ஆணையை நிறுத்திவைக்க வழி உண்டா என்று நிர்வாகப் பிரிவில் விசாரித்தேன். சும்மா தெரிந்துகொள்வதற்குத்தான்.

டிசம்பர் 27

மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். காயலைக் காட்டினேன். இங்கேயே ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறேன், அடுப்போடு. அப்பாவிடம் நீயே சொல்லும்மா என்றேன். நீங்களே சொல்லுங்க என்றாள். சொன்னேன். வாடகை எவ்வளவு என்றார் அவர். பிறகு, பொங்கலுக்கு நான் அங்கே வரட்டுமா என்று கேட்டார்.

ஜனவரி 9

இன்று காலை வெள்ளச் சேதம் பற்றித் தகவல் கேட்கத் தாணுமாலயனுக்குப் போன் போட்டேன். பேச்சுவாக்கில், போன ஞாயிறு கூட்டத்தில் பேசி முடித்துவிட்டோம் என்றார். எந்தக் கூட்டம் என்றேன்.

இரண்டு ஊரும் கூடியிருக்கிறது. மேலப்பற்றுப் பள்ளிக்கூடத்தில். அடுத்த மழைக்குத் தெற்கு மேட்டை எப்போது ஒடுக்குவது, கோட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கலாமா, நாற்று போனவர்களுக்கு விதைநெல் எப்படி, இறால் போனவர்களுக்கு என்ன செய்வது, எல்லாம் பேசியிருக்கிறார்கள். லூர்தம்மாளைத்தான் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். வட்டமாகத்தான் உட்கார்ந்தார்களாம்.

எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

"ஐயோ மேடம்" என்றார் தாணுமாலயன். நிஜமாகவே சங்கடப்பட்டார். "மறந்தே போச்சு."

போனை வைத்தேன். மனசு சுருங்கிவிட்டது. இவ்வளவு செய்து, வா என்று ஒரு வார்த்தை இல்லை. மேடம் அறைக்குப் போய்ச் சொன்னேன். கணினியில் ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"நம்மளை மறந்துட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இந்த நாலு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து, நாற்காலியை என் பக்கம் திருப்பி, ஆனைக்காயல் பகுதியை நீங்களே எழுதுங்கள் அக்கா என்றார். உட்கார்ந்தேன். யோசித்துத் தட்டினேன்: 'இரண்டு ஊரும் தாங்களாகவே கூடி அடுத்த ஆண்டுக்கான ஏற்பாடுகளைப் பேசி முடித்தன. மையத்துக்கு அழைப்பு இல்லை.'

இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடட்டுமா, படிக்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன்.

"அதை எடுத்து முதல்ல போடுங்க" என்றார்.

போட்டேன்.